அந்த போனைக் கெடுத்தது யார்

அந்த போனை எனக்கு விற்றவள் என் பக்கத்து மேசைக்காரி. எங்கள் தீவில் லெபு பந்தாய்த் தெருவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் குமாஸ்தாக்கள். வீடு விற்பது, நிலம் வாங்குவது, வங்கிக் கடன் என்று நாள் முழுவதும் ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருப்போம். அவள் என்னைவிட வயதில் இளையவள். அக்கரையில் சுங்கை பாக்காப்பிலிருந்து தினமும் கடல் தாண்டி வருவாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் என் கறியில் அவள் கையும் அவள் கறியில் என் கையும் தானாகப் போகும். அவ்வளவு பழக்கம்.

சில நாட்களில் மாலையில் அவள் கணவர் வந்து அழைத்துப் போவார். லாரி ஓட்டுகிறவர். சிரித்த முகம். வரும்போது எங்கள் எல்லோருக்கும் சூடாகக் கோரேங் பீசாங், வாழைப்பழ பஜ்ஜி, வாங்கி வருவார். "பொண்டாட்டிய இவ்வளவு தூரம் வந்து கூட்டிட்டுப் போறாரே" என்று நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை.

என் பழைய போன் கீழே விழுந்து கண்ணாடி சிலந்திவலையாகிப்போன வாரம், அவள் பையிலிருந்து ஒரு போனை எடுத்து என் மேசையில் வைத்தாள். நல்ல கம்பெனிச் சாமான். வெளிவந்த புதிதில் ஆளாளுக்கு ஆசைப்பட்ட மாடல். ஒரு கீறல்கூட இல்லை.

"வீட்டுல சும்மாதான் கெடக்குதுக்கா. வேணும்னா எடுத்துக்குங்க."

"ஏதாச்சும் ரிப்பேர் ஆச்சா?"

"ஒன்னும் இல்ல லா. நல்லா ஓடும்."

இதைச் சொல்லும்போது அவள் ஒரு கோப்பின் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று அது எனக்கு உறைக்கவில்லை. பிற்பாடு அந்தக் காட்சியை எத்தனையோ முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தபோதுதான் அந்தக் குனிந்த தலை தெரிந்தது.

நாங்கள் தயாரிக்கும் விற்பனை ஒப்பந்தங்களில் ஒரு வரி தவறாமல் வரும். வாங்குபவர் சொத்தை நேரில் பார்த்துவிட்டார், இருக்கிற நிலையில் அப்படியே ஏற்றுக்கொள்கிறார் என்று. என்னைக் கேட்காமலே என் விரல்கள் அந்த வரியைத் தட்டிவிடும். போனையும் அப்படித்தான் வாங்கினேன். திருப்பிப் பார்த்தேன், வீட்டுக்கு ஒரு அழைப்புப் போட்டேன், அவள் சொன்ன விலையைக் கொடுத்தேன், கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் நன்றாகவே ஓடியது. கோளாறு போனிலிருந்து வரவில்லை, பார்க்கிங் ஆப்பிலிருந்து வந்தது. ஊருக்குள் காடியை நிறுத்திவிட்டு போனில் கட்டணம் கட்டுவதுதான் இப்போது வழக்கம். ஒருநாள் அந்த ஆப், போனில் இருக்கிற சிஸ்டம் மிகவும் பழசு, இனி இதில் ஓட மாட்டேன் என்று நின்றுவிட்டது. வங்கி ஆப்பும் அதே எச்சரிக்கையைக் காட்ட ஆரம்பித்தது. போன் கம்பெனியோ இந்த மாடலுக்குப் புது சிஸ்டம் கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. கட்டணம் கட்டாததற்கு நான் இரண்டு முறை அபராதச் சம்மன் வாங்கினேன்.

என் கணவரின் தம்பி அக்கரையில் பாகான் டாலாமில் குடியிருக்கிறான். வேலை தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில், சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் பிரிவில். அதனாலேயே எங்கள் குடும்பத்தில் ரைஸ் குக்கர் முதல் சாமி விளக்கின் சீரியல் பல்பு வரை எது நின்றாலும் அவனிடம்தான் போகும். கெலுகோரில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன், நான் பார்க்கிங் கதையைப் புலம்பியதும் கையை நீட்டினான்.

"குடுங்க அண்ணி. கம்பெனி குடுக்கலன்னா என்ன? வெளியில ஆளுங்க இதுக்குன்னே புது சிஸ்டம் செஞ்சு வச்சிருக்காங்க. நான் போட்டுத் தர்றேன். புது போன் மாதிரி ஆயிரும்."

"குடு, அவன் எத்தன போனு செஞ்சிருக்கான்," என்றார் என் கணவர்.

படங்களையெல்லாம் முதலில் கணினிக்கு மாற்றிவிட்டுக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, மடிக்கணினியை வைத்து, வயரில் போனை மாட்டி உட்கார்ந்தான். நான் சமையலறையில் மறுநாள் தோசைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்துக்கு நடுவில் கூடத்திலிருந்து அவன் என்னவோ கேட்டான். நான் "ம்ம், செய் தம்பி" என்றேன். அந்த "ம்ம்" பிற்பாடு பெரிய வழக்காகப் போகிறது என்று எனக்குத் தெரியாது.

மாவை வழித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது போன் கறுப்பாகக் கிடந்தது. அவன் பக்கத்துப் பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தான்.

"என்னாச்சு?"

"இப்படித்தான் அண்ணி இருக்கும். கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."

காத்திருந்தோம். கோப்பி போட்டுக் கொடுத்தேன், குடித்தான். வயரை மாற்றினான், சார்ஜரில் மாட்டினான், முதுகைத் தொட்டுப் பார்த்தான். நான் அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்றதும் மடிக்கணினியைப் பட்டென்று மூடினான். அந்த மூடல்தான் எனக்கு முதல் சந்தேகம். அதில் நான் பார்க்கக்கூடாதது என்ன இருந்தது?

"இது போன்லயே ஏதோ கோளாறு அண்ணி," என்றான் கடைசியில். "பாருங்க, இந்த விளிம்பு சரியா ஒட்டல. யாரோ தொறந்திருக்காங்க. உங்க கூட்டாளி சொல்லலயா?"

"நீ கைய வைக்கிற வரைக்கும் ஓடுச்சே தம்பி."

"நான் முன்னாடியே சொன்னேனே, இதுல ரிஸ்க் இருக்கு, போனாலும் போயிரும்னு. நீங்க செய்யின்னு சொன்னீங்க."

"எப்ப சொன்ன?"

"நீங்க குசினில இருந்தப்ப."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்தார். "என்னமோ சொன்னான், எனக்கும் சரியா காதுல விழல," என்றார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் போனதும் விளிம்பை நானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மயிரிழை அளவுக்கு எழும்பியிருந்தது. அவன் சொன்னது உண்மையாக இருக்கலாம். அல்லது சற்றுமுன் அவனே நகத்தால் நெம்பியிருக்கலாம். இரண்டையும் ஒரே சமயத்தில் நம்ப முடிந்தது.

திங்கட்கிழமை பக்கத்து மேசையில் அவள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். நேராகக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. பக்கவாட்டில் போனேன்.

"ஏம்மா, அந்த போன எப்பவாச்சும் கடையில குடுத்தியா?"

விசைப்பலகையில் அவள் விரல்கள் நின்றன. "ஏங்க்கா?"

"சும்மாதான் கேக்குறேன்."

"இல்லையே. எதுக்குக் கடைக்குக் குடுக்கணும்?"

பொய் என்று எனக்குப் பட்டது. பதில் வேகமாக வந்துவிட்டது. கேள்விக்கு மேல் ஒரு கேள்வியும் சேர்ந்து வந்தது. வாடிக்கையாளர்கள் வழக்கறிஞர் முன்னால் உட்கார்ந்து பேசுவதை வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். ஒன்றை மறைப்பவர்கள்தான் திருப்பிக் கேட்பார்கள். அப்படியே அவளை அந்த வரிசையில் உட்கார வைத்துவிட்டேன்.

அந்த வாரம் முழுவதும் கவனித்தேன். கைப்பேசி அடித்தால் அவள் பின்படிக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினாள். முன்பும் அப்படித்தான் பேசினாளா? மதியம் வயிறு சரியில்லை என்று தனியாகச் சாப்பிட்டாள். முன்பு எப்போதாவது வயிறு சரியில்லாமல் போயிருக்கிறதா? அவள் முடித்துவைத்த ஒரு ஒப்பந்தத்தை எடுத்து, காரணமே இல்லாமல் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அது என்னைச் சமாதானப்படுத்துவதற்குப் பதிலாக எரிச்சல்படுத்தியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் பெற்றோர் வழி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். அவளைப் போல ரப்பர் தோட்டத்துப் பக்கத்திலிருந்து வருகிறவர்களைப் பற்றிப் பேசும்போது எங்கள் வீட்டில் குரல் ஒரு மாதிரி தணியும். நான் கல்யாணம் கட்டியது பாகான் டாலாம்காரரை. அந்தத் தணிந்த குரலை எப்போதோ கழுவிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் அது என் காதுக்குள்ளேயே பேசியது.

சனிக்கிழமை போனை எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு கடைக்குப் போனேன். வரிசையாகப் போன் கடைகள் இருக்கும் கட்டடம். கடைக்காரர் ஒரு சீனர். சூடு காட்டி, மெல்லிய தகட்டைச் செருகி, முதுகை உரித்தார். விளக்கை இழுத்து உள்ளே பார்த்தார்.

"காக், மாசோக் ஆயேர்," என்றார்.

அக்கா, தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். மலாயில் மனிதர்களைப் பற்றியும் இப்படிச் சொல்வது உண்டு, மறை கழன்ற கேஸ் என்ற அர்த்தத்தில். அன்று அது எனக்கும் பொருந்தும் என்று தோன்றியது.

ஓர் ஓரத்தில் பாசி படிந்த மாதிரி பச்சைக் கறை. இரண்டு திருகாணிகளின் இடம் காலி. தண்ணீர் பட்டால் நிறம் மாறும் சின்னப் பொட்டு ஒன்று உள்ளே இருக்குமாம். வெள்ளையாக இருக்க வேண்டியது சிவந்திருந்தது. பேட்டரி வெளிச்சாமான், யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றார்.

"இதனாலதான் செத்துச்சா?" என்று என் மலாயில் கேட்டேன்.

"யாரு சிஸ்டம் மாத்தினது?"

"சொந்தக்காரப் பையன்."

அவர் சிரித்தார். தண்ணீர் பட்ட போனும் வருடக்கணக்கில் ஓடும், சிஸ்டம் மாற்றிய போனும் ஓடும், இது எதனால் நின்றது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். உள்பலகை போய்விட்டது, இனி உயிர் வராது, அவ்வளவுதான் தெரியும். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு தட்டை இழுத்தார். அதில் வேறு பழைய போன்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் நல்ல சாமான், தொறக்காத சாமான் என்றார். எனக்கு இப்போது அவர் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பொட்டு நான் கொடுத்தபோதே சிவப்பாக இருந்ததா? அவர் குனிந்திருந்தபோது நான் பக்கத்துக் கடையை வேடிக்கை பார்த்தேனே? போனையும் உரித்த முதுகையும் பிளாஸ்டிக் பையில் போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை அந்தப் பையை அவள் மேசையில் வைத்தேன். அலுவலகத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான் வந்திருந்தோம்.

"என்னக்கா இது?"

"உன் போன்தான். தண்ணி பூந்திருக்கு. பேட்டரி மாத்தியிருக்கு. நீ கடைக்கே குடுக்கலன்னு சொன்ன."

அவள் பையைத் தொடவில்லை. "உங்க வீட்டுல யாரோ நோண்டிக் கெடுத்துட்டு என் மேல போடுறீங்களா? இத்தன மாசம் ஓடுச்சுல? அப்பல்லாம் தண்ணி இல்லையா?"

அவள் கேட்டது நியாயம். அது நியாயம் என்பதே எனக்குக் கோபமாக இருந்தது.

"ரிப்பேர் ஆச்சான்னு நான் மொதல்லயே கேட்டேன். ஒன்னும் இல்லன்ன. அத மட்டும் சொல்லு, ஏன் அப்படிச் சொன்ன?"

அவள் எழுந்து கழிப்பறைப் பக்கம் போனாள். நான் பையை எடுத்து என் இழுப்பறையில் போட்டேன். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். அன்று முதல் "அக்கா" நின்றது. கோப்பு வேண்டுமென்றால் கோப்பின் எண்ணைச் சொல்லிக் கேட்டாள். நானும் அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டில் இந்தக் கடைக்கதையைச் சொன்னதும் என் கணவருக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியா, என் தம்பி மேல தப்பு இல்ல." அந்த அவசரம் எனக்கு ஆகவில்லை. அப்படியானால் மடிக்கணினியை ஏன் மூடினான் என்று கேட்டேன். "அவன என்ன போலீஸ் மாதிரி விசாரிக்கிற?" என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த மாதம் கொழுந்தன் வீட்டில் அவன் மகளுக்குப் பிறந்தநாள். பாகான் டாலாமுக்குப் போனோம். கூடத்தில் பிள்ளைகள் பலூனை வெடித்துக்கொண்டிருக்க, நான் அடுப்படியில் ஓரகத்திக்கு உதவியாக மீகூன் சேமியா கிளறிக்கொண்டிருந்தேன். வெள்ளை மனசுக்காரி, எதையும் வாயில் அடக்கத் தெரியாது. என் கையில் வேறு போன் இருந்ததைப் பார்த்தாள்.

"அந்த போன் எங்கக்கா?"

"உன் வீட்டுக்காரர் புது சிஸ்டம் போடுறேன்னு உக்காந்தார்ல. அதோட போச்சு."

கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்களுதும் போச்சா?"

நானும் கரண்டியை வைத்தேன்.

தன்னுடைய போனும் அதே மாதிரி, அதே மடிக்கணினியில்தான் போனது என்றாள். பிள்ளையின் குட்டி வயதுப் படங்கள் எல்லாம் அதோடு போனதில் ஒரு வாரம் அவனோடு பேசவில்லையாம். "இனிமே அடுத்தவங்க சாமான்ல கைய வைக்காதீங்கன்னு சத்தியம் வாங்கினேன்கா. நீங்களே கேட்டதாலதான் உங்க போனத் தொட்டேன்னு சொன்னாரே?"

"நானா கேட்டேன்?"

கேக் வெட்டி முடியும்வரை பொறுத்தேன். பிறகு அவனை வாசலுக்குக் கூப்பிட்டேன். கடையில் கண்டதைச் சொன்னேன். அவன் முகம் தெளிந்த வேகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப நீ சொல்லு. அன்னிக்கு அந்த கம்ப்யூட்டர்ல என்ன இருந்துச்சு?" என்றேன்.

காலால் ஒரு பலூன் துண்டைத் தள்ளிக்கொண்டே இருந்தான். "மாடல் நம்பர் கேட்டுச்சு அண்ணி. உங்க போனுக்குக் கடைசி எழுத்து வேற. நான் எறக்கி வச்சிருந்தது பக்கத்து மாடலோடது. பேரு ஒன்னுதான். ஓடிரும்னு நெனச்சேன். சரியான்னு கேட்டுச்சு, யெஸ்னு அமுக்கிட்டேன்."

"ரிஸ்க் இருக்குன்னு என்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன் அண்ணி. ஆனா சத்தமா சொல்லல."

சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. சத்தமாகச் சொல்லாத எச்சரிக்கை, கிரைண்டருக்குள் கேட்காத சம்மதம். நான் சொன்ன அந்த "ம்ம்" எதற்கு என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "தண்ணி பட்ட போன்கிறதால நின்னிருக்கலாம்ல?" என்று மெதுவாகக் கேட்டான். இருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இவனும் மறைத்தான். மறைத்துவிட்டு, பழியைக் கண்ணில் கூடப் பார்த்திராத ஒருத்தி மேல் தள்ளினான். நானும் அதைத் தூக்கிக்கொண்டு போய் அவள் மேசையில் வைத்தேன்.

மறுநாள் மதியம் அவள் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். கொழுந்தன் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். "உன்ன அப்படிக் கேட்டது தப்புதான்," என்றேன்.

அவள் நிம்மதி அடைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"தண்ணி பட்டது நெசந்தான்," என்றாள். "நான்தான் போட்டேன்."

அவள் கணவருக்கு அவள் போனைத் தினமும் பார்த்தாக வேண்டுமாம். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் கையை நீட்டுவாராம். யார் கூப்பிட்டது, யார் என்ன அனுப்பினார்கள், இந்த நம்பர் யாருடையது. முகத்தில் அந்தச் சிரிப்பு மாறாமலே கேட்பாராம். ஒருநாள் அவள் துணி அலசிக்கொண்டிருந்தபோது வந்து கேட்டிருக்கிறார். அவள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, அவர் கண் முன்னாலேயே வாளித் தண்ணீரில் போட்டுவிட்டாள்.

"அதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஒன்னும் இல்ல. எங்கக்கா பேசினது, ஆபீஸ் குரூப்பு, பிள்ளையோட ஸ்கூல் மெசேஜு. ஒன்னும் இல்லாததத்தான் தெனமும் பாக்கணும்னாரு." தண்ணீர் குடித்தாள். "அப்புறம் எடுத்துக் கடையில குடுத்தேன். ஓடுச்சு. ஆனா வீட்டுல அதப் பாக்கும்போதெல்லாம், 'எதுக்குத் தண்ணில போட்ட, எத மறைக்கப் போட்ட'ன்னு அதே பேச்சு. தூக்கிப் போட்டுட்டேன்னு அவருகிட்டச் சொல்லிட்டு உங்ககிட்டக் கொண்டாந்தேன். ரிப்பேர் ஆச்சான்னு நீங்க கேட்டீங்க. ஆமான்னு சொன்னா எப்படி ஆச்சும்பீங்க. நான் என்ன சொல்றது?"

நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

"நீங்களும் அப்படியே கேட்டீங்க. 'சும்மாதான் கேக்குறேன்'னு. அவரும் அப்படித்தான் ஆரம்பிப்பாரு."

அந்த மதியம் என் சோறு அப்படியே இருந்தது. மேசையைத் துடைத்தோம். வேலைக்குத் திரும்பினோம். மாலையில் அவள் கிளம்பும்போது "வர்றேன்கா" என்றாள். அது திரும்பி வந்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டேன்.

கொழுந்தன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தான் பயன்படுத்திய போனையே துடைத்து எடுத்துக்கொண்டு வந்தான். வேண்டாம் என்றேன். வற்புறுத்தினான். ஓரகத்தி பின்னால் நின்று கண்ணைக் காட்டியதால் வாங்கிக்கொண்டேன். அவன் கொஞ்ச காலம் பட்டன் போனோடு அலைந்தான். என் கணவர் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அவரைப் பொறுத்தவரை இன்றைக்கும் அந்த போனைக் கொன்றது தண்ணீர்தான்.

விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மாலை அவள் நில அலுவலகத்துக்குப் பத்திரம் பதியப் போயிருந்தாள். அவள் கணவர் வந்தார். கையில் அதே கோரேங் பீசாங் பொட்டலம், எண்ணெய் ஊறிய தாள். என் மேசைக்கு எதிரில் வந்து நின்றார்.

"சாப்பிடுங்கக்கா. சூடா இருக்கு." அவள் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். "அக்கா, சும்மாதான் கேக்குறேன். எங்க வீட்டுக்காரி பழைய போன் ஒன்னு உங்ககிட்ட வித்தாளாமே?"

யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் வேறு யாராவது இருக்கலாம். எங்கள் இருவரையும் பார்த்து அவராகவே ஊகித்திருக்கலாம். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. முன்பெல்லாம் அதை நல்ல மனுஷனின் முகம் என்று நினைத்தவள் நான்.

"ஆமா, வாங்கினேன்," என்றேன். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி அவளிடம் போகும்.

"இன்னும் வச்சிருக்கீங்களா? கடையில குடுத்தா உள்ள இருக்கிறத எடுத்துக் குடுப்பாங்களாம். பிள்ளையோட போட்டோ கொஞ்சம் இருக்கு, அதான்."

அந்தச் செத்த போன் அப்போது என் மேசை இழுப்பறையில், அவர் வயிற்றுக்கு ஓரடி தூரத்தில் கிடந்தது.

"எங்க வீட்டுக்காரர் தம்பி அதுல வேற சிஸ்டம் போட்டாருங்க," என்றேன். "போடும்போதே எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் போடணுமாம். அப்புறம் போனே செத்துருச்சு. பலகையே போச்சுன்னு கடையில சொல்லிட்டாங்க. அதுல ஒன்னும் இல்ல."

"ஒன்னுமே இல்லையா?"

"ஒன்னுமே இல்ல."

என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் பொய் சொல்கிறவளைப் போல இழுப்பறையை முழங்காலால் அழுத்திப் பிடித்திருந்தேன். மாடல் வேறு என்று பார்த்தும் யெஸ் அமுக்கிய கொழுந்தனை அன்றுதான் முதல் முறையாக மனதுக்குள் வாழ்த்தினேன்.

"உங்க தம்பி நல்லா வேல செஞ்சிருக்காரு," என்று சொல்லிவிட்டுக் கீழே போய்க் காத்திருந்தார். பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை.

மறுநாள் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எங்கே நின்றார், என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வைத்தாள். ராத்திரி அவர் இதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லையாம். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நீங்க சொன்னத நம்பினாராக்கா?"

"தெரியலம்மா."

"நம்பியிருக்க மாட்டாரு," என்றாள். அவள் குரலில் பதற்றம் இல்லை. எதையோ கணக்குப் போட்டு முடித்தவள் போல இருந்தாள். இழுப்பறையிலிருந்த பையைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அதை என்ன செய்தாள் என்று நான் பிறகு கேட்கவில்லை.

அந்த ஆண்டு பள்ளி விடுமுறையில் அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாகான் டாலாமில் தன் அக்கா வீட்டுக்குக் குடிபோனாள். இப்போது பெர்ரிப் படகில் கடல் தாண்டி வேலைக்கு வருகிறாள். மாலையில் யாரும் வந்து காத்திருப்பதில்லை. அவர் சில நாள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார், பிறகு எங்கள் வழக்கறிஞரே ஒரு முறை எடுத்துப் பேசியதும் நின்றுவிட்டது. மதியம் நாங்கள் மறுபடி ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். என் கறியில் அவள் கை வருகிறது.

புது போன் வாங்கியிருக்கிறாள், நம்பரும் புதுசு. அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று தெரியும். எனக்குத் தனியாகத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.